மூலையில்லாத வீடு

கிருஷ்ணமணி அருமனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு, சிமெண்டில் வட்டமாக ஒரு வீடு கட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் ஊரே வந்து பார்த்த வீடு அது. உள்ளே எங்கும் மூலை கிடையாது. செத்துப்போன முதல் மனைவிக்காகப் பழைய வீட்டின் தென்மேற்குக் கன்னிமூலையில் ஏற்றிவந்த விளக்கும் அதோடு நின்றது.

இரண்டாம் மனைவி நாகம்மை வீட்டைக் கூட்டும்போது, தென்மேற்கில் மட்டும் வாரியல் முட்டி நின்றது. குப்பை அங்கே முக்கோணமாகச் சேர்ந்தது.

"கொத்தனாரே, இங்க ஒரு மூல இருக்கு."

வீட்டைக் கட்டிய நேசையன் சிரித்தார். "வட்டத்துல மூல எப்பிடிம்மா வரும்?"

சிரித்தபடியே, சுவர் மூலையின் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்து வளைந்த சுவரில் வைத்தார். அதன் இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் சுவரோடு பொருந்தின. அவர் சிரிப்பு நின்றது.

வாசலில் நின்ற கிருஷ்ணமணி உள்ளே ஓடிவந்தார். "ஏட்டி, அந்தப் பழைய வெளக்க எடுத்துக் கொளுத்து."

"அத அஸ்திவாரத்துல போட்டு மூடச் சொன்னது நீங்கதானே?" என்றாள் நாகம்மை.

சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள். அந்த மூலையில் அவள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை சுட்டது.