எழுப்ப வேண்டியவர்

பத்து இருபது.

கணக்கு வாத்தியார் பள்ளிக்கூட வாசலை விட்டு நகரவில்லை. பல்லடம் ரோட்டில் வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கியவர்களை முகம் முகமாகப் பார்த்தார்.

தவமணி இறங்கவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை பத்து மணிக்கே தொடங்கிவிட்டது. பத்தரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்கு மேல் அந்தக் கடவுளே வந்தாலும் ஹாலுக்குள் விடமாட்டார்கள்.

பதினோராவது முறையாகப் போன் செய்தார். அவள் போன் அணைந்தே கிடந்தது.

அவள் வேலை பார்க்கும் நூல் மில்லுக்குப் பேசினார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஆறு மணிக்கே போய்விட்டாளாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி லீவு கேட்டவளை விரட்டிய சூப்பர்வைசர் புண்ணியவான்தான் அதையும் சொன்னான்.

ஆறு மணிக்குக் கிளம்பியவள் எங்கே போனாள்? வீட்டில் பிள்ளைகளுக்கு ஏதாவதா? பஸ்ஸில் மயங்கி விழுந்தாளா?



தவமணிக்கு முப்பத்தொன்பது வயது. இரண்டு பெண்கள். கணக்கில் மட்டும் மூன்று தடவை தோற்றவள். பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் பஞ்சாயத்து ஆபீசில் உதவியாளர் வேலைக்கு எழுதிப்போடலாம். பகல் வேலை. அதற்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி.

இதே பள்ளிக்கூடத்தில் அவர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவள் சொக்கி விழாத நாளில்லை. முதலில் திட்டிப் பார்த்தார். பிறகு அவரே ஒரு சட்டம் வைத்தார். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கடைசி பெஞ்சில் அரை மணி நேரம் படுத்துக்கொள்ளலாம். நேரமானதும் டஸ்டரால் பெஞ்சைத் தட்டுவார். ஒரு நாளும் தவறியதில்லை.

போன ஞாயிறு, லீவு இல்லை என்று அவள் கண் கலங்கி நின்றபோதும் அவர்தான் சொன்னார்.

“எப்படியாச்சும் வந்து மட்டும் சேந்துரும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

பத்தரை.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். வாத்தியார் குறுக்கே கையை வைத்தார். கெஞ்சினார். பெற்ற பிள்ளைக்காகக்கூட அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

கேட் மூடியது.

வண்டியை எடுக்கப் பின்பக்கச் சந்துக்குப் போனார். மில் பக்கத்துச் சந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் முன் கேட் பூட்டியிருக்கும். மில்லிலிருந்து படிக்க வருகிறவர்கள் எல்லாரும் இந்த வழியாகத்தான் வகுப்புக்கு வருவார்கள்.

பின்கதவு திறந்திருந்தது.

வகுப்பறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வாரில் பஞ்சு ஒட்டியிருந்தது.



கடைசி பெஞ்சில் தவமணி தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்குக் கணக்குப் புத்தகம். நெஞ்சின் மேல் ஹால் டிக்கெட்டும், ரப்பர் பேண்டு போட்ட இரண்டு பேனாவும்.

மேஜையில் கிடக்கும் டஸ்டரை எடுத்து வந்து, அவர் கைக்கு எட்டும்படி பெஞ்சு நுனியில் வைத்திருந்தாள்.

பத்து நாற்பது.

டஸ்டரைக் கையில் எடுத்தார். தட்ட முடியவில்லை. அது நழுவித் தரையில் விழுந்தது.

சத்தத்தில் விழித்தாள். அவரைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தாள். ஆசைதீரத் தூங்கிய பிள்ளையின் முகம்.

“இன்னைக்குக் கொஞ்ச நேரம் சேத்தியே தூங்க உட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க சார்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு பரீட்சை நடக்கும் முன்கட்டடத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.

அவர் குனிந்து, தரையில் கிடந்த டஸ்டரை எடுத்தார்.