பதினோரு தடவை தாண்டிய படகு

தங்கை புருஷனின் உயிருக்கு முதலாளி போட்டிருந்த விலை ஒரு படகு. உயிர் போனது போனதுதான், அதோடு படகும் சேர்ந்து போவதாவது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியைத்தான் நனைந்த வடக்கயிற்றால் படகு டிரைவரின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் கயிற்றிலிருந்து தெறித்த தண்ணீர் முதலில் வெறும் தண்ணீராக இருந்தது. இப்போது வலைக் கொட்டகையின் சுவரெல்லாம் சிவப்புப் புள்ளி.

“கடல்ல தடை போட்ட எல்லைக் கோட்டைப் பதினோரு தடவை தாண்டியிருக்கேடா! ஒரு தடவைன்னா தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லலாம். பதினோரு தடவை போய்ட்டுப் போய்ட்டு வர, அது என்ன உன் மாமியார் வீடா?”

“கடல்ல விழுந்த மனுஷனைத் தேடுறவன் எல்லைக் கோட்டையா பார்ப்பான், முதலாளி?” டிரைவர் துப்பினான். எச்சிலோடு ஒரு பல்லும் வந்து விழுந்தது. “மூணு மணி நேரம்... சுத்திச் சுத்தித் தேடினேன்.”

படகில் போனது இரண்டே பேர். நான்கு நாள் முன்பு திரும்பி வந்தது டிரைவர் மட்டும்.

முதலாளியின் தங்கை ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “விட்டுடுங்கண்ணே. என் வீட்டுக்காரருக்காக அந்தக் கடல்ல அலைஞ்ச ஒரே ஜீவன் இவர்தான்.”

“அலைஞ்சு? ஆளைக் கொண்டாந்து குடுத்தானா? இருந்த படகையும் கோடு தாண்டிச்சுன்னு ரோந்துக்காரன் பூட்டி வெச்சிருக்கான்!” ஒரு தள்ளு தள்ளினார். அவள் வலைக்குவியலின் மேல் போய் விழுந்தாள்.

மூலையில் மெக்கானிக் நின்றிருந்தார். படகில் ஜிபிஎஸ் கருவியை மாட்டியவர் அவர்தான். படகு போன வழியைச் செல்போனில் காட்டச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். அவர் காட்டிய படத்தைப் பார்த்துத்தான் அடியே ஆரம்பித்தது. டிரைவர் செத்தால் பாதிப் பாவம் தன் தலையில் என்று பயந்து, படத்தை மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி இப்போது காலால் உதைத்தார். விலா எலும்பு முறிகிற சத்தம், காய்ந்த விறகை ஒடித்தது போல் கேட்டது.

“நிறுத்துங்க முதலாளி!” மெக்கானிக் குறுக்கே பாய்ந்தார். “படகு கோட்டைத் தாண்டவே இல்லை!”

ஓங்கிய கயிறு அந்தரத்தில் நின்றது. கீழே கிடந்த டிரைவர் மெக்கானிக்கின் காலைப் பிடித்தான். “வேணாம் சார். நீங்க இதுல தலையிடாதீங்க. நான் தாண்டினது தாண்டினதுதான்.”

அடி தாங்காமல் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்கிற கட்டத்துக்கு வந்துவிட்டான் பாவம் என்று மெக்கானிக்கின் கண் கலங்கியது. காலை உதறிக்கொண்டு படத்தை முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“படகு நல்லா ஓடும்போது இந்த மெஷின் கரெக்டா காட்டும் முதலாளி. வேகம் செத்துப்போச்சுன்னா உளற ஆரம்பிச்சுடும். நின்ன இடத்துல நிக்கிற படகை இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளின்னு வெச்சுக் கோடு இழுத்துடும். பார்க்கிறவனுக்குப் படகு சுத்தி அலையுற மாதிரியே இருக்கும்.”

“கதை விடாதய்யா.”

“நீங்களே பாருங்க. இந்த மொத்தக் கிறுக்கலும் நம்ம கொட்டகை அளவு இடத்துல அடங்கிடுது. முப்பதடிப் படகு இதுக்குள்ள எப்படித் திரும்பும்? ஒரு நிமிஷம் மூஞ்சி தெற்கே, அடுத்த நிமிஷம் வடக்கேன்னு வேற காட்டுது. படகு என்ன பம்பரமா? கோட்டுக்கு இந்தப் பக்கம் நங்கூரம் போட்டுச் சும்மா நின்னிருக்கு, அவ்வளவுதான். கோட்டைத் தாண்டினது படகு இல்லை, மெஷினோட உளறல்.”

முதலாளியின் முகத்தில் நாலு நாளாகக் காணாத வெளிச்சம் வந்தது. “இதை அப்படியே எழுதிக் குடுப்பியா?”

“சீல் வெச்சே தர்றேன். நாளைக்கே படகை விட்டுடுவாங்க.”

கயிறு கீழே விழுந்தது. முதலாளி டிரைவரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்து, தன் தோள் துண்டாலேயே அவன் வாயைத் துடைத்துவிட்டார். “வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடா, மடப்பயலே! வீணா என் தோள்பட்டை வேற விட்டுப்போச்சு.”

டிரைவர் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தான். உயிரைக் காப்பாற்றியவனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

வலைக்குவியலிலிருந்து தங்கை எழுந்து வந்தாள். “சார், படகு நகரவே இல்லையா?”

“ஒரு கெஜம்கூட இல்லம்மா! எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.”

“அந்த மூணு மணி நேரமும்?”

“மூணு மணி...” மெக்கானிக் கையிலிருந்த படத்தையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் நிதானமாக நடந்துபோய்க் கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

“அண்ணே, இதுவரைக்கும் விழுந்ததெல்லாம் படகுக் கணக்கு. என் வீட்டுக்காரர் கணக்குல இன்னும் ஒரு அடிகூட விழல.”