உள்மூச்சு

அந்தக் கழிமுகத்தில் ஆலாப் பறவைகளின் மொழியும் நண்டுகளின் மொழியும் தெரிந்தது ஒரே ஓர் ஆமைக்குத்தான்.

கடல் திடீரென்று பின்வாங்கி, பிறகு பனை உயரத்துக்குத் திரும்பி வருவதை ஆலாக்கள் ‘க்ரீக்’ என்றன. நண்டுகளிடம் அதற்குச் சொல் இல்லை. ஆமை அலையாத்தி வேர்களுக்கடியில் கிடந்து பல நாள் யோசித்தது. சரியா தவறா என்று கேட்க, இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவர் இல்லை. கடைசியில் நண்டுகளின் மொழியில் அதற்கு ‘உள்மூச்சு’ என்று பெயர் வைத்தது.

“க்ரீக் என்றே சொல்லிக்கொள்கிறோம். அதுதான் கௌரவமாக இருக்கிறது” என்றது மூத்த நண்டு. ஒற்றைக் கொடுக்கு நண்டுக்கு மட்டும் ஆமையின் சொல் பிடித்திருந்தது.

ஒரு காலை கடல் வெகுதூரம் விலகியது. வெறும் மணலில் மீன்கள் துள்ளின. ஆலாக்கள் ‘க்ரீக்’ என்று கத்த, மூத்த நண்டும் ‘க்ரீக், க்ரீக்’ என்று சொல்லிக்கொண்டே மீன் பொறுக்கப் போனது.

“இது உள்மூச்சு!” என்று கத்தியது ஒற்றைக் கொடுக்கு நண்டு. இழுத்த மூச்சைக் கடல் விட்டாக வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள்.

வெகுநாள் கழித்து ஆமை அந்த மேட்டுப் பக்கம் வந்தது. அறிமுகமில்லாத நண்டு ஒன்று நிறுத்தி, “ஆமையக்கா, உள்மூச்சு என்றால் என்னவென்று தெரியுமா? எங்கள் முன்னோர் சொல். உங்களுக்குப் புரியாது” என்றது.

“சொல்லேன்” என்றது ஆமை.

நண்டு விளக்கியது. நடுவில் ஓரிடம் தப்பாக இருந்தது. ஆமை திருத்தவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி அதனிடம் யாரும் இத்தனை நேரம் பேசியதில்லை.

“இன்னொரு தடவை சொல்லு” என்றது.