ஒரு ஊசிக்கு ஒரு வண்டி

“திங்கக்கிழமை ஊசி. செவ்வாய் நூல். இன்னைக்கு ஒரே ஒரு எலுமிச்சம்பழம். இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?” முதலாளி பட்டியலை மேஜையில் போட்டார்.

வீடு வீடாக மளிகை கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி அது. பையில் ‘பூமியைக் காப்போம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். புகையைக் குறைக்க முதலாளி கண்டுபிடித்த வழி, இப்படி ஒவ்வொன்றாக வாங்குகிறவர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பது. அந்த வேலை, வண்டிகளை அனுப்பும் மேனேஜர் தலையில் விழுந்தது.

போன் செய்தார்.

“அம்மா, ஒரு ஊசிக்கு ஒரு பைக் வருது. எவ்வளவு புகை, யோசிச்சுப் பாருங்க. வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா வாங்கக் கூடாதா?”

“தப்புதான் தம்பி. வாரத்துக்கு ஒரே தடவையா?” குரல் இறங்கிவிட்டது.

“ஏம்மா?”

“கொண்டு வர்றது என் பையன். கோவிச்சுக்கிட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. கூப்பிட்டா வரமாட்டான். ஆர்டர்னா வந்துதானே ஆகணும்?”

“பேசுவாரா?”

“ஓடிபி கேப்பான். நாலு நம்பர் சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. சில நாள் வேணும்னே தப்பாச் சொல்லுவேன். இன்னொரு தடவை கேப்பான்ல?”

“நீங்க எப்பவும்போல வாங்குங்கம்மா” என்று போனை வைத்துவிட்டு, மேனேஜர் நேரே முதலாளியிடம் போனார்.

“பத்து நிமிஷத்துல வருவோம்னு பீத்திக்கிட்டது நாம சார். வண்டியும் நம்முது, புகையும் நம்முது. பக்கத்துத் தெருக்களுக்கு சைக்கிள்ல அனுப்புவோம். அரைமணி நேரம் ஆனா ஆகட்டும்.”

“கஸ்டமர் வேற கடைக்குப் போயிட்டா?”

“அப்ப பையில அச்சடிச்சிருக்கறதை அழிச்சிடலாம் சார்.”

முதலாளி முறைத்தார். ஆனாலும் மறு வாரமே சைக்கிள்கள் வந்து இறங்கின.

மேனேஜர் அந்த மகனைக் கூப்பிட்டார். அம்மாவிடம் பேசியதைப் பற்றி மூச்சு விடவில்லை.

“இனிமே உனக்கு சைக்கிள்தான். அவசரமே இல்ல, மெதுவாப் போயிட்டு வா.”

சாவியை வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான்.

“என்னப்பா, மிதிக்கக் கஷ்டமா?”

“அதில்ல சார். தினம் ஒண்ணே ஒண்ணு வாங்குவாங்களே, அந்த வீட்டு ஆர்டரை மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போடுங்க. மிதிச்சா பசிக்கும்.”