அக்கா வாசித்த முடிவு

பஸ் ஆமத்தூரைத் தாண்டும்போது மங்களம் ரயில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

மாரிசெல்வியால் நம்ப முடியவில்லை. மடியில் இருந்த பழைய நாவலின் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசித்தாள். கதாநாயகி மங்களம் விடியற்காலையில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை போகிறாள். ரயில் வருகிறது. ரயில் போகிறது. மங்களம் திரும்பி நடந்து வந்து மாமியார் காலில் விழுகிறாள். அடித்த புருஷனே அவளை மன்னிக்கிறான். புகுந்த வீடே கோயில் என்று இரண்டு பக்கம் எழுதி, முற்றும் போட்டிருந்தார் ஆசிரியர்.

அவளுக்குத் தெரிந்த மங்களம் ரயில் ஏறியவள்.

ஐந்தாவது படிக்கும்போது கேட்ட கதை. எம். புதுப்பட்டி வீட்டில் அக்காவும் அவளும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த இந்த நாவலை அக்கா முத்துமாரியம்மாள் சத்தமாக வாசிப்பாள். அதற்குக் கூலியாக அக்காவின் பங்குப் பெட்டிகளையும் தங்கையே ஒட்டுவாள். கடைசி அத்தியாயத்தில் மங்களம் ரயில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணமாகி, புருஷன் காளீஸ்வரன் பெல்ட்டைக் கழற்றிய ஒரு நாள் மாரிசெல்விக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கைக்குழந்தை ஓவியாவோடு சாத்தூரில் ரயில் ஏறினாள். மங்களத்தின் ரயில் மெட்ராஸ் போனது. இவளுடையது கொஞ்ச நேரத்தில் விருதுநகரில் இறக்கிவிட்டுவிட்டது. ஆனாலும் அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பருப்பு மில்லில் வேலை, வாடகை வீடு. ஓவியா இப்போது ஏழாவது.

போன வாரம் புத்தகக் கண்காட்சியில் அதே நாவலைப் பார்த்தவுடன் வாங்கிவிட்டாள். இன்றைக்கு அக்கா வீட்டில் பேச்சு. காளீஸ்வரன் பக்கத்துப் பெரியவர்கள் அவளை அவனோடு சேர்த்துவைக்க வருகிறார்கள். அவர்கள் எதிரில் போய் உட்காருமுன் மங்களத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இந்த வயதில் வாசித்தால் நாவல் வேறு மாதிரி இருந்தது. சமையல்காரியின் பேச்சுக்கு அப்போது விழுந்து விழுந்து சிரித்தாள், இப்போது சிரிப்பு வரவில்லை. பேயாகத் தெரிந்த மாமியார், பதினாறு வயதில் தாலியறுத்தவளாம். ஒரே ஒரு வரியில் இருந்தது. அதையெல்லாம் நின்று நின்று ரசித்துக்கொண்டுதான் வந்தாள், ஆமத்தூர் வரைக்கும்.

சிவகாசியில் பஸ் மாறினாள். ஒருவேளை இந்தப் பதிப்பில் மாற்றிவிட்டார்களோ என்று முன்னுரையைப் புரட்டினாள். முதற்பதிப்பில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் என்றிருந்தது.

இல்லாத ஒருத்தி போன வழியில் போயிருக்கிறாள்.

புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். மங்களம் திரும்பினால் திரும்பட்டும். இத்தனை வருஷமும் மில்லுக்குப் போய் வந்தது மங்களம் இல்லை.

அக்கா பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காளீஸ்வரனின் சித்தப்பா சோணைமுத்து தொண்டையைச் செருமினார்.

“தாயி, பொம்பளை எம்புட்டுத் தூரம் போனாலும் கடைசியில வீட்டுக்குத் திரும்பித்தான ஆகணும்?”

“என் வீடு விருதுநகர்ல இருக்கு மாமா. அங்கனதான் திரும்பப் போறேன். காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

அதற்குமேல் அவர்கள் கேட்டதற்கெல்லாம் அதே பதில்தான். குரல் உயரவுமில்லை, இறங்கவுமில்லை. வெயில் தாழ்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“யக்கா, புத்தகத்துல மங்களம் ரயிலே ஏறல. எனக்காகவா மாத்தி வாசிச்ச?”

அக்காவின் கை நின்றது.

“நீ சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும்? அம்மாவுக்காக வாசிச்சேன்டி. அப்பா அடிச்ச அடியில மூஞ்சி வீங்கிப்போயி அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தா. அவ காதுல விழட்டும்னுதான் அம்புட்டுச் சத்தமா வாசிச்சேன்.”

மாரிசெல்விக்கு அது ஞாபகமே இல்லை. பசை காய்வதற்குள் ஒட்ட வேண்டுமென்று குனிந்த தலை நிமிராமல் இருந்திருக்கிறாள்.

“அம்மா என்னக்கா சொன்னா?”

“நல்லவேளை, மங்களம் போயிட்டான்னு சொன்னா. சொல்லிட்டு, அப்பாவுக்கு வெந்நி போட எந்திரிச்சா.”