பன்னிரண்டாவது குடுவை

ரொசாரியோ நகர ஆய்வகம் ஒன்றில் நேலிதா வளர்த்து வந்தவை இறந்துபோன தன் தம்பியின் செல்கள். அவற்றுக்கு ஊற்றும் வளர்ப்புத் திரவம் வெயில் பட்டால் மெல்ல நஞ்சாகிவிடும். கூட வேலை பார்த்த, பொறாமை பிடித்த ஒஃபேலியா, அந்தத் திரவப் புட்டியைத் தினமும் ஒரு மணிநேரம் சன்னலில் வைத்து எடுத்தாள். மூன்றே வாரத்தில் எல்லாச் செல்களும் செத்தன.

"நான் எங்கடி தப்பு பண்ணேன்?" என்று நேலிதா அழுதாள்.

"உன் கைராசி அப்படி," என்றாள் ஒஃபேலியா, மாத்தே தேநீரை உறிஞ்சியபடி.

நேலிதா வேலையை விட்டுப் போனாள். மறுநாள் காலை ஒஃபேலியா, தான் செல் வளர்க்கும் குடுவைகளை எண்ணினாள். அவள் வைத்தது பதினொன்று. இருந்தது பன்னிரண்டு. கூடுதலான குடுவையில் செல்கள் செழித்திருந்தன. அதன் சீட்டில் ஒஃபேலியாவின் தம்பி தாமியானின் பெயர் இருந்தது.

பதறிப்போய் அவனுக்குப் போன் போட்டாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கேன். முதுகுல மட்டும் நாலு தையல் இருக்கு. யார் போட்டாங்கன்னுதான் தெரியல," என்றான் தாமியான்.