ஓடைக்கு இந்தப் பக்கம்

தூறல் விடவில்லை. முழங்கால் ஆழ ஓடைதான் எல்லை. அக்கரை பிரிட்டன் ஆளும் வட அயர்லாந்து, இக்கரை தனிநாடான அயர்லாந்து. அக்கரைச் சேற்றில் விவசாயி மாலக்கியின் பசு, கன்று வெளிவராமல் முனகிக் கிடக்கிறது. இக்கரையில் கால்நடை மருத்துவர் டெர்வ்லா, பையைத் திறக்காமல் நிற்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியபின் அவளுடைய உரிமம் அங்கே செல்லாது. அந்தப் பக்கத்து மருத்துவர் வர ஒரு மணி நேரமாகும். “உரிமக் கதையைப் பசுகிட்ட நீயே சொல்லும்மா!” என்று பசுவின் பக்கத்திலிருந்து கத்துகிறார் மாலக்கி. “நான் சொல்றபடி செய்ங்க. கையை உள்ள விட்டு, மடங்கின காலை நிமித்துங்க. அது முக்கும்போது மட்டும் இழுங்க.” அவர் அப்படியே இழுக்க, வழுக்கிக்கொண்டு விழுந்த கன்று காதை உதறுகிறது. மாலக்கி சேற்றிலேயே உட்கார்ந்து சிரிக்கிறார். டெர்வ்லா பழக்கதோஷத்தில் ஓடையில் குனிந்து கைகளைத் தேய்த்துக் கழுவுகிறாள். அவற்றில் ஒரு துளி ரத்தம்கூட இல்லை.